டர்போ விழுங்கிய சாமந்தி

என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனால் எந்தப் பொருளையும் முழுசாக இருக்க விடமாட்டார். கல்யாணமான புதிதில், என் அம்மா வீட்டிலிருந்து சீராக வந்த மிக்ஸியைக் கழற்றிக் கூடத்தில் பரப்பி வைத்தார். கேட்டதற்கு, "சத்தம் ஜாஸ்தியா கீது" என்றார். திரும்ப மாட்டியபோது சத்தம் குறைந்திருந்தது உண்மை. ஒரு திருகாணி மீந்துபோனதும் உண்மை. அந்த மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது என்பதால் என்னால் அந்தச் சண்டையில் ஜெயிக்க முடியவில்லை.

நான் செங்கம் ரோட்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நர்ஸ். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று அங்கே வருகிற நோயாளிகளுக்கெல்லாம் தெரியும். ஊசி போடும்போது கையை இழுக்கிற பெரிய மனிதர்களை நான் விட்டுவைப்பதில்லை. ஊரில் என்னை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தால், எண்ணெய்க் கையோடு எதையோ பிடிக்கச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. வீட்டுப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் எங்கள் லோடு வண்டி நிற்கும். நிறைய வருஷம் சென்னை துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர் அவர். எங்கள் பெண் முதல் அடி எடுத்து வைத்ததை அவர் போனில்தான் பார்த்தார். பிறகு பழைய டீசல் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். ஜவ்வாது மலைக்கு மளிகை, சிமெண்ட், உரம் ஏற்றிக்கொண்டு போவார். வரும்போது சாமை, புளி, சீசனில் பலாப்பழம். மலையில் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு குழுதான் சரக்கெல்லாம் பார்த்துக்கொண்டது.

வண்டிக்கு வயசாகிவிட்டது. தரையில் நன்றாகத்தான் ஓடும். மலையில் ஏற ஆரம்பித்தால் கருகருவென்று புகை விட்டுக்கொண்டு, முதல் கியரில் முனகிக்கொண்டு போகும். முழு லோடு ஏற்றினால் பாதி மலையில் நின்றுவிடும். அதனால் பாதி லோடாக இரண்டு நடை அடித்துக்கொண்டிருந்தார். அது எத்தனை நாளைக்கு நடக்கும்? பலா சீசன் வருவதற்கு முன்னால், குழுவைப் பார்த்துக்கொள்கிற அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். "கோச்சிக்காதீங்க அண்ணா. சீசனுக்கு முழு லோடு ஏத்துற வண்டிதான் எங்களுக்கு வேணும். உங்க வண்டி ஏறலன்னா வேற வண்டி பாத்துக்குறோம்." அவர்கள் மேல் தப்பில்லை. பழத்தோடு திரும்புகிற வழியிலும் ஏற்றம் உண்டு, பலா காத்திருக்காது.

அதே சமயத்தில் சென்னையிலிருந்து பழைய லாரி ஓனர் வேறு அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். "இடம் காலியா வெச்சிருக்கேம்ப்பா, வந்துடு." மலை ஓட்டம் போனால் சென்னைதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். "கரும்புகை வருதுன்னா இன்னா அர்த்தம்? டீசல் போதுமான அளவு போகுது. காத்துதான் பத்தல. எரியாம வெளிய வருது."

"மூச்சுத் திணறல்" என்றேன்.

"அதேதான் சிஸ்டர்" என்றார். எனக்கு உடனே பயம் வந்துவிட்டது.

புது வண்டிக்கு வழியில்லை. புது என்ஜினுக்கும் வழியில்லை. அவருடைய யோசனை டர்போ. என்ஜின் வெளியே விடுகிற புகை வேகமாகத்தானே வருகிறது, அந்த வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவிடுவது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் அமுக்கும். விடுகிற மூச்சைக் கொண்டே இழுக்கிற மூச்சைக் கூட்டுவது. இதைக் கேட்டபோது, யாரோ புத்திசாலி உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அந்த யோசனையை எங்கள் தகரக் கொட்டகையில் செய்ய முடியும் என்று மட்டும் தோன்றவில்லை.

எனக்கு லீவு கிடைத்த நாளில் இருவரும் வேலூர் ரோட்டுக் காயலான் கடைக்குப் போனோம். விபத்தில் நசுங்கிய கார்களைப் பிரித்துப் போடுகிற இடம். கடைக்கார பாய்க்கு இவரை நன்றாகத் தெரியும்.

"இன்னா தம்பி, சிஸ்டரையும் இட்டாந்துட்ட? வண்டிக்கு ஆஸ்துமாவா?"

"ஆமா பாய். பம்பு வெக்கணும்."

ஒரு மூலையில் நத்தை ஓடு போலச் சுருண்ட இரும்பு உருண்டைகள் குவிந்து கிடந்தன. இவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே விரலை விட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். அச்சின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். காதோரம் வைத்துக் கேட்டார். எங்கள் டாக்டர் கூட நெஞ்சில் குழாய் வைத்து இவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு சின்னதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெரிதாக ஒன்று பளபளவென்று இருக்கிறதே என்று கேட்டேன். "பெருசு வெச்சா மெதுவா சுத்த ஆரம்பிக்கும். நம்ம வண்டி மலையில மெதுவாத்தான போவுது, அதுக்கு உடனே மூச்சு வேணும்" என்றார். சட்டென்று எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. என் வீட்டில் எந்தச் சாமானுக்கும் பாதுகாப்பில்லை. புகைக் குழாய் சேரும் இடத்தில் டர்போ உட்கார்வதற்குத் தடிமனான ஒரு தகடு வேண்டும். பழைய கரும்பு ஆலை இரும்பு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து அறுத்தார். அதைப் புகைக் குழாயோடு பற்றவைக்கவேண்டும். குழாயோ வார்ப்பு இரும்பு, பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடுமாம். அதனால் பற்றவைத்ததும் சூடு குறையாமல் கொண்டுவந்து, வெந்நீர் அடுப்பிலிருந்து அள்ளிய சூட்டுச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டார். மறுநாள் வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று கட்டளை. நான் குளிக்கப் பச்சைத் தண்ணீர். மறுநாள் சாம்பலைத் தட்டிவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் அதை வெளியே எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். பச்சைத் தண்ணீர் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் தெரு எங்களுடையது அல்ல. வண்டி எதுவும் நகராது, ஜனங்கள் மட்டும்தான். நடந்து களைத்தவர்கள் கொட்டகை ஓரம் ஒதுங்கி நின்று, உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஒருவர் அது போர்வெல் மோட்டார்தான் என்று சாதித்தார். திருக்கோயிலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், தோளில் துண்டோடு உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, "செய்ங்க, ஆனா எண்ணெய் எறங்குற வழிய மட்டும் உஷாராப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அந்த டிரைவர் சொன்ன இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. டர்போவின் அச்சுக்கு என்ஜினிலிருந்து எண்ணெய் போகவேண்டும், திரும்ப என்ஜினின் அடித் தொட்டிக்கு வரவேண்டும். போவதற்கு அழுத்தம் இருக்கிறது. திரும்ப வருவதற்கு எதுவும் கிடையாது, தானாக இறங்கவேண்டும். இவர் நான் கொண்டுவந்து கொடுத்த டிரிப் குழாயை மாட்டி, மேலிருந்து எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது தெரியுமே என்றுதான் அந்தக் குழாய். எண்ணெய் பாதி வழியில் தேங்கி நின்றது. குழாய் ஒரு இடத்தில் இரும்புச் சட்டத்தைத் தாண்டுவதற்காக மேலே ஏறி இறங்கியிருந்தது.

"எங்க வார்டுல யூரின் பையைக் கட்டிலுக்கு மேல தொங்கவிட்டா இன்னா ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். எழுந்துபோய்த் தொட்டியைக் கழற்றி, ஓட்டையை வேறு பக்கம் போட்டு, குழாய் நேராக இறங்குகிற மாதிரி மாற்றினார். இவரிடம் எனக்கு மிகப் பிடித்தது இது. சரியான பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்வார். என் சொந்தக்காரர்களில் இப்படி இன்னொரு ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

காற்றின் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஒரு மீட்டர் தேவைப்பட்டது. நர்சிங் ஹோமில் கைப்பட்டை கிழிந்து ஓரம் கட்டிய பி.பி. கருவி ஒன்று இருந்தது. டாக்டரிடம் கேட்டு, அதன் வட்ட டயலை மட்டும் வாங்கி வந்தேன். "யாருக்கு?" என்று கேட்டார் டாக்டர். "வண்டிக்கு" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பழைய என்ஜின் அதிக அழுத்தம் தாங்காது, கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், அந்தக் கொஞ்சம் இந்த டயலுக்குள் அடங்கிவிடும் என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்ய நாள் குறித்தார். பௌர்ணமிக்கு மறுநாள். முந்தின நாள் விற்காத பூ மலிவாகக் கிடைக்கும். எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய், நல்ல தடித்த சாமந்தி மாலை எல்லாம் வாங்கி வந்தார். இந்த மனிதர் அத்தனை நாளாக என்ன பாடு படுத்தினார் தெரியுமா? டர்போ வாயில் ஒரு தூசி போகக்கூடாது என்று எப்போதும் துணி கட்டி வைத்திருந்தார். எண்ணெயை நான் கொண்டுவந்த, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற காஸ் துணியில் வடிகட்டி வடிகட்டி ஊற்றினார். பெண் பக்கத்தில் வந்து தலை வாரினால்கூட விரட்டினார். "ஒரு முடி போனாலும் போச்சு" என்பார்.

அன்று, சக்கரம் சுற்றுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று காற்று வடிகட்டியை மாட்டாமல் வாயைத் திறந்து வைத்திருந்தார். பானெட்டைத் தூக்கி நிறுத்தி, டர்போவுக்குத் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, பயபக்தியோடு அந்த மாலையை அதற்கு நேர் மேலே கொக்கியில் தொங்கவிட்டார். சூடம் காட்டினோம். சாவியைத் திருப்பினார். முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. மெல்லிசாக ஒரு விசில் சத்தம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. பெண் கைதட்டினாள். அந்தச் சந்தோஷத்தில் இவர் ஆக்சிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கினார்.

மாலையின் கீழ்முனை ஆடியது. அப்புறம் மாலையைக் காணோம்.

கிறீச்சென்று ஒரு சத்தம். சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்தினார். குழாயைக் கழற்றினால் உள்ளெல்லாம் மஞ்சள் இதழ். பூ போயிருந்தால்கூடப் பிழைத்திருக்கும். மாலையின் அடிக் குஞ்சத்தைக் கட்டியிருந்த மெல்லிய கம்பிதான் கெடுத்துவிட்டது. சக்கரத்தின் இறக்கைகளில் ஒன்று நுனியில் மடங்கியிருந்தது. அந்த வேகத்தில் சுற்றுகிற பொருளில் ஒரு நுனி மடங்கினால் முடிந்தது கதை, அச்சே ஆடிவிடும் என்றார். சொல்லிவிட்டு, சந்தனப் பொட்டோடு இருந்த அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. தலைமுடிக்குப் பயந்த மனிதன் மாலையைக் கொண்டுபோய் அதன் வாயில் கட்டுவானா? கட்டுவான். எங்கள் ஊரில் எந்த மெக்கானிக்கும் கட்டியிருப்பான். மாலை போடாமல் முதல் சாவியைத் திருப்பியிருந்தால்தான் நானே சத்தம் போட்டிருப்பேன். ஆக, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தேங்காய் மூடிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் டீக்கடையில் செய்தி பரவிவிட்டது. "இன்னாப்பா, உன் வண்டிக்குக் கல்யாணமாமே. மாலை மாத்திக்கிச்சாமே" என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். வீட்டில் மட்டும் பேச்சே இல்லை. பலா சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் சென்னைதான் என்று என் மனசில் முடிவு செய்துவிட்டேன். அவருடைய நல்ல சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் முன்னால் எடுத்து வைத்தேன். பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். நாம் அழுதால் அவருக்குப் போக மனசு வராது, நாம்தான் திடமாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரோ மறுபடி பாய் கடைக்குப் போய்விட்டார். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "இரும்பு திருடுறவன பாத்திருக்கேன் தம்பி, பூ தின்ற இரும்ப இப்பத்தான் பாக்குறேன்." சிரித்து முடித்துவிட்டு, வெளி ஓடு உடைந்த ஒரு டர்போவைத் தேடிக் கொடுத்திருக்கிறார். உள்ளே இருக்கிற அச்சும் சக்கரங்களும் நன்றாக இருந்தன. எங்களுடையதில் ஓடு நன்றாக இருந்தது. இரண்டு செத்ததிலிருந்து உயிருள்ள ஒன்று. அந்த வாரம் முழுக்க அவர் வேலை செய்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதரம்கூட எரிச்சல்படவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. முதல் தடவை எவ்வளவு பொறுமையாகத் துடைத்தாரோ அதே பொறுமையோடு இன்னொரு தடவை துடைத்தார். ஆபரேஷன் தியேட்டரில் நல்ல கைகளை நான் பார்த்திருக்கிறேன். இது அவற்றோடு வைக்கவேண்டிய கை. அப்போதுதான் அதை எனக்கு நானே ஒப்புக்கொண்டேன்.

வடிகட்டி மாட்டும்வரை டர்போவின் வாயில் என் டீ வடிகட்டியைக் கவிழ்த்துக் கட்டி வைத்திருந்தார். இந்தமுறை மாலை வண்டியின் முன்னால், நம்பர் பிளேட்டுக்கு மேலே.

முழு லோடு ஏற்றினோம். சிமெண்டும் அரிசி மூட்டையுமாக வண்டியின் பின்பக்கம் அமுங்கி நின்றது. நானும் லீவு போட்டுக்கொண்டு ஏறினேன். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கவேண்டும், டயலைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். மடியில் பி.பி. டயல், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் முன்பக்க ஓட்டை வழியாக என்ஜினுக்குப் போகிறது. "இருநூத்தம்பதைத் தாண்டினா உடனே சொல்லு" என்றார்.

போளூர் தாண்டி மலையடிவாரம் வந்தது. முள் அசைய ஆரம்பித்தது.

"அறுபது" என்றேன். "தொண்ணூறு. நூத்தி இருபது. நார்மல்."

அவர் சிரித்தார். விசில் சத்தம் மெல்ல ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நூற்று எண்பது. என் நோயாளி யாருக்காவது இந்த எண் வந்திருந்தால் டாக்டருக்கு ஓடியிருப்பேன். இங்கே, இன்னும் கொஞ்சம் ஏறு, இன்னும் கொஞ்சம் ஏறு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வண்டி வழக்கமாக உயிரை விடுகிற செங்குத்தான வளைவு வந்தது. அங்கே முதல் கியரில்தான் போவார். அன்றைக்கு இரண்டாவதிலேயே வைத்துக்கொண்டு அமுக்கினார். "இருநூத்தி இருபது" என்று கத்தினேன். இரண்டாவது கியரிலேயே, முனகாமல், மூட்டை முடிச்சோடு வண்டி அந்த வளைவை ஏறிக் கடந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ரோடு சுத்தமாகத் தெரிந்தது. புகையே இல்லை.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

மேலே குழுவின் கொட்டகை வாசலில் பெண்கள் மூட்டைகளை இறக்கினார்கள். குழு அம்மா வண்டியைச் சுற்றி வந்து, டயர் அமுங்கியிருந்ததைப் பார்த்து, "ஒரே நடையிலயா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும், "அப்ப சீசன் பூரா நீங்களே வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, சாமை மூட்டைகளை ஏற்றச் சொன்னார்கள். அவ்வளவுதான். அத்தனை நாள் பயந்தது இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது.

நாங்கள் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். எனக்கு உடனே அடுத்த காரியம் ஞாபகம் வந்தது. நான் அப்படித்தான்.

"சென்னை ஓனருக்கு இங்கிருந்தே போன் பண்ணிச் சொல்லிடுங்க. பாவம், இடத்தக் காலியா வெச்சிட்டு காத்துட்டிருப்பாரு."

"சொல்லியாச்சு."

"எப்ப?"

"மாலைய முழுங்குச்சே, அன்னிக்கு சாயங்காலம். வரல, வேற ஆளப் போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. எல்லாம் உடைந்துபோய்க் கிடந்த அன்றைக்கா? நான் சட்டைகளை இஸ்திரி போடுவதற்கும் முன்னாலேயா?

"வண்டி ஏறாம போயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"ஏறுற வரைக்கும் கழட்டி மாட்டியிருப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?" என் குரல் ஏறிவிட்டது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கையிலிருந்த கிரீஸைப் பழைய துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "உன்னக் கேட்டிருந்தா, போய்ட்டு வாங்கன்னு சொல்லியிருப்ப. அதான் கேக்கல."

சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, சட்டைகளைப் பையில் அடுக்கி, பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பேன். அவர் சென்னைக்குக் கிளம்பிய ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.